டயர் காற்று: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது, மைலேஜ் குறைந்துவிட்டது, டயர் ஓரம் மட்டும் தேய்கிறது. இப்படி ஏதாவது ஒன்று வந்ததும் பலர் நேராகச் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்குப் போய்விடுகிறார்கள். காசு கொடுத்துவிட்டு வந்த பிறகும் கோளாறு அப்படியே இருக்கும். பார்த்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் அறிகுறி எதுவானாலும் முதலில் காற்றை அளந்து சரிசெய்யுங்கள், ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் போகவில்லை என்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடிப் பிடித்து அதன்படி போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோருமே படித்துவிடுவது நல்லது.

கருவி ஒன்றே ஒன்று சொந்தமாக வேண்டும். கடையில் டயர் கேஜ் என்று கேட்டால் கொடுப்பார்கள், சில நூறு ரூபாய்தான். பங்க் மெஷின்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்து, குழாயைத் தரையில் போட்டுப் போட்டு, அளவு தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். எப்போதும் ஒரே கேஜால் அளந்தால், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் சரியாகத் தெரியும். கோளாறு பிடிக்க அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

ஸ்டிக்கரில் ஒரு எண், மெஷினில் வேறு எண்

உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்பதை வண்டியே சொல்லும். காரில் டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உட்புறம். பைக்கில் செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ தேடுங்கள். அழிந்துபோயிருந்தால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அங்கே 230 என்று போட்டிருக்கலாம், 2.3 என்று போட்டிருக்கலாம், 33 என்றும் போட்டிருக்கலாம். மூன்றும் ஒரே அளவுதான்.

230 என்பது கிலோபாஸ்கல், மெஷினில் கேபிஏ என்று வரும். 17ஆம் நூற்றாண்டில் காற்றழுத்தத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் பெயர் அது. நூறு கிலோபாஸ்கல் சேர்ந்தால் ஒரு பார், அதனால் 230 கேபிஏ என்பது 2.3 பார். 33 என்பது பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்துகிறது என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கு. நம் ஊர் பஞ்சர் கடைகளில் வாயில் வருவது இதுதான். "முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோ?" என்று கேட்பவருக்குப் பிஎஸ்ஐயில் பதில் சொன்னால்தான் சட்டென்று புரியும்.

பைக் ஸ்டிக்கர்களில் நான்காவதாக ஒன்று வரும்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ. இது பாருக்கு மிக நெருக்கம். ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ, இது ஒன்று 14.2 பிஎஸ்ஐ. டயர் விஷயத்தில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் ஏறக்குறைய அரை பிஎஸ்ஐதான் வரும். ஸ்டிக்கரில் 1.75 என்று இருந்தால் 25 பிஎஸ்ஐ, 2.00 என்றால் 28, 2.25 என்றால் 32.

மனக்கணக்கு வேண்டுமானால் இது போதும்: கேபிஏவை ஏழால் வகுத்தால் பிஎஸ்ஐ. 210ஐ வகுத்தால் 30, சரியான விடை 30.5. 250ஐ வகுத்தால் 35.7, சரியான விடை 36.3. காற்று பிடிக்க இந்தத் துல்லியம் தாராளம்.

டிஜிட்டல் மெஷினில் அலகை மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கும். உங்களுக்கு முன்னால் நின்றவர் அதைப் பாரில் வைத்துவிட்டுப் போயிருந்தால் திரையில் 2.4 என்று தெரியும். பயப்பட வேண்டாம், பொத்தானை அழுத்தி பிஎஸ்ஐக்கு மாற்றிவிட்டு எண்ணை வையுங்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: முன்னால் நின்றது லாரியாக இருந்தால் மெஷினில் நூற்றுக்கு மேல் வைத்த எண் அப்படியே இருக்கலாம். குழாயை மாட்டும் முன் திரையை ஒரு தடவை பாருங்கள்.

இரண்டு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒன்று, டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் 44 அல்லது 51 பிஎஸ்ஐ. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு நிரப்ப வேண்டிய அளவு அல்ல. டயர் கம்பெனிக்கு அந்த டயர் எந்த வண்டியில் மாட்டப்படும் என்று தெரியாது. எடையையும் சஸ்பென்ஷனையும் கணக்கிட்டு அளவைச் சொல்பவர் வண்டியைச் செய்தவர்தான். இரண்டு, ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி. மற்ற டயர்களுக்கு 33 என்றால் இதற்கு 60 பிஎஸ்ஐ, அதாவது 420 கேபிஏ இருக்கும். "எல்லாத்துக்கும் 33 அடிங்க" என்று சொல்லி அதையும் 33இல் விட்டுவிட்டால், பாதி ராத்திரியில் பைபாஸில் மாட்டும்போது அது நசுங்கி நிற்கும்.

காலையில் 33, மதியம் 37

இது கோளாறே இல்லை. டயருக்குள் அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும், ஆறினால் இறங்கும். கார் டயரில் பத்து டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ. காலை 27 டிகிரியில் 33 வைத்த டயர், நெடுஞ்சாலையில் ஓடி உள்ளே 55 டிகிரியைத் தொட்டால் 37ஐத் தாண்டிக் காட்டும். வண்டியை ஒரு பக்கம் வெயில் படும்படி நிறுத்தியிருந்தால்கூட அந்தப் பக்கத்து இரண்டு டயரும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயருக்கான எண். ஆறிய டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்ற வண்டி, அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடி வந்த வண்டி. ஓடும்போது ஏறும் நாலைந்து பிஎஸ்ஐயையும் கணக்கில் எடுத்துத்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு பழக்கம் வேரூன்றிப் போயிருக்கிறது: சித்திரை, வைகாசி வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்து வைப்பது. இது நேர் எதிரான வேலை. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். ஒரு நிமிடத்தில் பல நூறு தடவை அப்படி மடங்கும்போது ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் சூடாகின்றன. அந்தச் சூடு ஏறிக்கொண்டே போய், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, டயர் கிழிகிறது. கொளுத்தும் தார்ச்சாலையில், முழு ஆட்களும் டிக்கி நிறைய சாமானும் ஏற்றி, நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குக் குறைந்த காற்றைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. வெயில் காலத்திலும் ஸ்டிக்கர் எண்தான். முழுப் பாரத்துக்குத் தனி எண் கொடுத்திருந்தால் குடும்பத்தோடு கிளம்பும் முன் அந்தக் கூடுதல் எண்ணுக்கு நிரப்புங்கள்.

இதேபோல ஓடிவந்த சூட்டில் 37 காட்டுகிறது என்று 33க்கு இறக்கவும் கூடாது. இறக்கினால் மறுநாள் காலை அதே டயர் 29தான் காட்டும்.

பங்க் தூரத்தில் இருக்கிறது, போய்ச் சேருவதற்குள் டயர் சூடாகிவிடும் என்றால் வழி இருக்கிறது. வீட்டிலேயே காலையில் அளந்து எவ்வளவு குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 33 வேண்டிய டயர் 29 காட்டினால் குறைவு 4. பங்க்கில் அதே டயர் 31 காட்டினால் நாலைக் கூட்டி 35 வையுங்கள். மறுநாள் காலை அளந்தால் 33க்கு மிக அருகில் இருக்கும்.

ஒரு டயரில் மட்டும் வாராவாரம் காற்று குறைகிறது

நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு ரப்பர் வழியாகவே கசியும். நான்கிலும் ஒரே மாதிரி குறைந்தால் அது இயல்பு, நிரப்பிவிட்டுப் போகலாம். ஒன்றில் மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது.

முதலில் வால்வைப் பாருங்கள், சுலபமானது அதுதான். மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வால்வு வாயில் விடுங்கள். நுரை மெல்ல உப்பினால் உள்ளே இருக்கும் பின் கசிகிறது. பஞ்சர் கடையில் அதை ஒரு திருகு இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும், இல்லாவிட்டால் பின்னை மாற்ற வேண்டும். செலவு மிகக் குறைவு. வால்வைப் பக்கவாட்டில் மெதுவாக வளைத்தும் பாருங்கள். டியூப்லெஸ் டயரில் வால்வு ரப்பரால் ஆனது; வெயிலில் காய்ந்து அடியில் வெடிப்பு விட்டிருக்கும். நிமிர்ந்து நிற்கும்போது தெரியாது, வளைத்தால் புஸ்ஸென்று சத்தம் வரும். அதனால்தான் டயர் மாற்றும்போதே வால்வையும் மாற்றச் சொல்கிறேன். மூடியைத் தொலைத்தவர்கள் இன்றே வாங்கிப் போடுங்கள். மண் உள்ளே போய்ப் பின்னைக் கெடுப்பதைத் தடுப்பது அந்தச் சின்ன மூடிதான்.

அடுத்து பட்டன் பகுதி, அதாவது டயரில் தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள். வண்டியை ஒரு முழம் முன்னே தள்ளித் தள்ளி, டயரைச் சுற்றி ஒரு முழு வட்டம் பாருங்கள். ஆணி தெரிந்தால் பிடுங்க வேண்டாம். ஆணி இருக்கும்வரை ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை நிரப்பி, மெதுவாக ஓட்டி, பஞ்சர் கடையில் வைத்துப் பிடுங்குங்கள். தரையில் படும் பகுதியில் ஆறு மில்லிமீட்டர் வரை உள்ள ஓட்டையை ஒட்டலாம். வெளியிலிருந்து குத்திச் செருகும் ரப்பர் திரி அவசரத்துக்கு நல்லது. டயரைக் கழற்றி உட்புறத்திலிருந்து காளான் வடிவ ஒட்டு போட்டால்தான் நிலைத்து நிற்கும். அப்போது உட்புறச் சுவரையும் பார்த்துவிடலாம். காற்றில்லாமல் ஓட்டிய டயராக இருந்தால் உள்ளே ரப்பர் தூள் தூளாக உதிர்ந்து கிடக்கும். அந்த டயரை ஒட்டிப் பயனில்லை. பக்கச்சுவரில் விழுந்த ஓட்டைக்கு ஒட்டே கிடையாது. கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆணியும் இல்லை, வால்வும் சரி என்றால் ரிம் ஓரம். இரும்பு ரிம்மில் துரு, அலாய் வீலில் பள்ளத்தில் விழுந்த நெளிவு. சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தால், குமிழி டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் வரிசையாக எழும். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் நின்றுவிடும். நெளிவை நிமிர்த்துபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் விரிசல் விட்ட அலாய் வீலை மாற்றிவிடுவதே நல்லது.

டியூப் போட்ட பைக்குக்கு ஒரு தனி அறிகுறி. வால்வு ரிம்மின் துளையில் நேராக நிற்க வேண்டும். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், காற்று குறைவாக ஓட்டியதால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகர்ந்திருக்கிறது, கூடவே டியூப்பையும் இழுத்துப் போயிருக்கிறது. பிரேக் அடிக்க அடிக்க சாய்வு கூடும், ஒருநாள் வால்வு அடியோடு கிழியும். கிழிந்த இடம் வால்வின் அடி என்றால் ஒட்ட முடியாது, டியூப்பே போனது. சாய்வைக் கண்டதுமே முழுக் காற்றையும் இறக்கி, டயரைத் தளர்த்தி, வால்வை நேராக்கி, சரியான அளவுக்கு நிரப்பச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்கை விட்டால் ஒரு பக்கம் போகிறது

முன் இரண்டு டயரையும் ஆறிய நிலையில் அளந்து சமமாக்குங்கள். குறைந்த காற்றுள்ள பக்கம்தான் இழுக்கும். சமமாக்கியும் இழுத்தால் முன் இரண்டு சக்கரங்களையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் கோளாறு டயருக்குள் இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், அல்லது ஒரு பக்கப் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பிரேக் என்றால் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு அந்தச் சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுபோனாலே அனல் தெரியும். தொட்டுவிடாதீர்கள். சாலையே ஓரத்துக்குச் சரிவாக இருந்தாலும் வண்டி இடது பக்கம் இறங்கப் பார்க்கும். சமதளமான இடத்தில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டயர் தேய்ந்திருக்கும் விதம்

தேய்மானம் பல மாதக் கதையைச் சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் சக்கரத்தின் சாய்வு சரியில்லை, அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தைக் கை கண்டுபிடிக்கும். உள்ளங்கையைப் பட்டன்களின் மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் அரம்போலக் கரகரவென்றும் இருந்தால் சக்கரங்கள் இணையாக ஓடவில்லை, இதுவும் அலைன்மென்ட்தான். அங்கங்கே குழிகுழியாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது, அல்லது பேலன்சிங் இல்லை, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. கம்பிகள் வெளியே வந்திருக்கலாம், அதனால் தடவும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதற்கு நேராகப் பக்கச்சுவரில் ஒரு சின்ன முக்கோணக் குறி. கார் டயரில் அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஐப்பசி மழைக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான்.

என்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றி ஓட்டும் கார்களில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் நான்கும் ஒன்றாகத் தேயும். மாற்றிய பிறகு காற்றளவையும் முன், பின் கணக்குப்படி திருத்த மறந்துவிடாதீர்கள்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம்

எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கி, இன்னும் வேகம் கூட்டினால் குறைந்தால், பேலன்சிங். ரிம்மில் ஒட்டிய எடைத்துண்டு விழுந்திருக்கும். ஒட்டியிருந்த தடம் மட்டும் தெரியும். ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட் நடுங்கினால் பின்சக்கரங்களைப் பாருங்கள். சேற்றில் போய் வந்த மறுநாள் நடுக்கம் என்றால், ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டியிருக்கும் சேற்றைக் கழுவினாலே போய்விடும்.

பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தால் மட்டும் பேலன்சிங் பக்கமே போக வேண்டாம். பள்ளத்தில் மோதி உள்நூல் அறுந்திருக்கிறது. ஸ்டெப்னியை மாட்டுங்கள், அந்த டயரைத் தூக்கிப் போடுங்கள்.

டேஷ்போர்டில் டயர் விளக்கு

குதிரை லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு. அமெரிக்காவில் டயர் பிரிந்து நடந்த தொடர் விபத்துகளுக்குப் பிறகு 2000இல் சட்டம் போட்டு, 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் இதைக் கட்டாயமாக்கினார்கள். அந்த விதிப்படி விளக்கு எரிய, ஆறிய அளவில் 25 சதவீதம் குறைந்திருந்தால் போதும். அதாவது 33 இருக்க வேண்டிய டயர் 25க்கு வரும்வரைகூட விளக்கு பேசாமல் இருக்கலாம். எரியவில்லை என்பதால் காற்று சரி என்று அர்த்தமில்லை. மாதம் ஒருமுறை கேஜால் அளப்பதை விளக்கு ஈடுகட்டாது.

காலையில் எரிந்து கொஞ்சம் ஓட்டியதும் அணைந்தால், காற்று எல்லையில் நிற்கிறது, நிரப்புங்கள். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் சென்சார் கோளாறு, பெரும்பாலும் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். தனி சென்சார் இல்லாமல் சக்கரச் சுழற்சியை வைத்துக் கணக்கிடும் கார்களும் உண்டு. அவற்றில் காற்று நிரப்பியதும் மெனுவில் போய் ரீசெட் செய்யாவிட்டால் விளக்கு தவறாக எரியும்.

மலை ஏறினால் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே வெளிக்காற்று மெலிந்து, கீழே மேட்டுப்பாளையத்தில் காட்டியதைவிட கேஜ் ஏறக்குறைய மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டப் பார்க்கும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி என்றால் மேலே 15 டிகிரி. அந்தக் குளிர் இரண்டரை பிஎஸ்ஐயைக் குறைத்துவிடும். கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் காற்று குறைந்த டயர் நெளியும் என்பதால், குறைப்பது ஆபத்தும்கூட.

பட்டன் நிறைய இருக்கிறது, ஆனால் வெடிப்பு

அதிகம் ஓடாத வண்டிகளில் இது வரும். பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடினால் ரப்பர் வயதாகிவிட்டது. வயதைப் பக்கச்சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தில் படிக்கலாம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த எண் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். வெளியே தெரியாவிட்டால் வண்டிக்கு அடியில் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டியதும் வருடம் ஒருமுறை கடையில் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆனது எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஸ்டெப்னியும் இதில் அடக்கம். புது டயர் வாங்கும்போது, ரிம்மில் மாட்டுவதற்கு முன்பே அந்த நான்கு இலக்கத்தை நீங்களே படித்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.